இலங்கை வானொலி: பாட்டுக்காகவா, பாட்டைத் தந்த விதத்துக்காகவா?

13 பிப்ரவரி 2024

உலக வானொலி நாளையொட்டி ஒரு நேயர் எழுதியிருப்பது: "இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாடு தலையில் வைத்துக் கொண்டாடியதற்கு ஒரே காரணம், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவை அடைத்ததுதான். கதவு திறந்திருந்தால் கொழும்பு பக்கம் யாரும் முள்ளைத் திருப்பியிருக்க மாட்டார்கள்."

இதை நான் ஏற்க மாட்டேன். ஆண்டுக் கணக்கே இடிக்கிறது. கதவை அடைத்தவர் என்று சொல்லப்படும் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானது 1952இல். அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுக்காக நடத்திய விவித பாரதி சேவை தொடங்கியது 1957 அக்டோபரில். அடைத்த கதவு ஐந்தே ஆண்டுகளில் திறந்துவிட்டது. ஆனால் இன்று நரைத்த தலையோடு இலங்கை வானொலியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் சொல்லும் பெயர்கள் எவை? கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். இந்த அறிவிப்பாளர்கள் உச்சத்தில் இருந்தது 1970களில். அப்போது விவித பாரதிக்கு வயது பத்துக்கு மேல். அதே டி.எம். சௌந்தரராஜனும் அதே பி. சுசீலாவும் உள்நாட்டு நிலையத்திலும் பாடிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் தூத்துக்குடியில் எங்கள் அப்பாவின் ரேடியோ பழுது பார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் பெட்டியை வாங்கிப் போகும்போது கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, சிலோன் தெளிவாக எடுக்கிறதா?"

அதே நாள், இரவு

கேஸ்கரைப் பற்றி ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும். சினிமாப் பாட்டே கூடாது என்று ஒரு உத்தரவு போட்டு முடித்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். நடந்தது இன்னும் சுவையானது. சினிமாப் பாட்டின் பங்கைக் குறைத்தார். கூடவே படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும் என்றார். படத்தின் பெயரைச் சொல்லாத நிலையத்துக்குப் பாட்டு எதற்கு என்று தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாட்டு தானாக நின்றது.

கொழும்பிலோ படத்தின் பெயரை வாய் நிறையச் சொன்னார்கள். பாடியவர்கள் பெயரைச் சொன்னார்கள். நல்ல அறிவிப்பாளர் என்றால் எழுதியவரையும் இசையமைத்தவரையும் விடமாட்டார். பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது திரையரங்கில் அல்ல. அங்கே பெயர்ப் பட்டியல் ஓடும்போது எல்லோரும் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். ரேடியோவில்தான் தெரிந்தது.

15 பிப்ரவரி 2024

மதுரை அன்பர் கேட்கிறார்: சிற்றலையிலா, மத்திய அலையிலா கேட்டீர்கள்?

இரண்டிலும். ஊரைப் பொறுத்து மாறும். கடலை விட்டுத் தள்ளி, சேலம், கோயம்புத்தூர் பக்கமெல்லாம் சிற்றலைதான் கைகொடுத்தது. 25 மீட்டர், 41 மீட்டர் என்று பட்டை பார்த்து முள்ளை மயிரிழை அளவு நகர்த்த வேண்டும். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் ஒலி ஏறும், இறங்கும். பாட்டின் நடுவில் கடல் இரைவதுபோல் ஒரு இரைச்சல் வந்து போகும். எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்கு வேறொரு வசதி உண்டு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மத்திய அலை அதன் மேல் அதிகம் தேயாமல் தவழ்ந்து வந்துவிடும். கொழும்புக்கும் எங்களுக்கும் இடையில் பெரும்பகுதி கடல்தான். அதனால் பட்டப்பகலிலும் கேட்க முடிந்தது.

அதே உப்பு எங்களுக்குச் சோறும் போட்டது. வால்வு செட்டுகளில் அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்ச் இருக்கும். அடுக்கடுக்கான தட்டுகளில் பித்தளைத் தகடுகள். உப்புக் காற்றில் அவற்றில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வரும், நிலையம் வராது. அப்பா பின்பலகையைக் கழற்றி, சி.டி.சி. என்ற துப்புரவுத் திரவத்தில் சின்னத் தூரிகையைத் தோய்த்து ஒவ்வொரு தகடாகத் தடவுவார். பிறகு குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பலமுறை திருப்பச் சொல்வார். அது என் வேலை. கரகரப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, ஏதோ ஒரு திருப்பில் கொழும்பு அறிவிப்பாளரின் குரல் முழுதாக வெளியே வரும். அப்பா பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரசீது எழுதத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்று டயல் நூல். முள்ளை இழுக்கும் நூல் தளர்ந்து நழுவினால், நிலையம் கேட்கும், ஆனால் கண்ணாடியில் முள் வேறு இடத்தில் நிற்கும். ஒரு உப்பளக் கணக்குப்பிள்ளை கண்ணாடியில் கொழும்புக்கு நேரே சிவப்புச் சாயத்தால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, சிலோன் நகர்ந்துவிட்டது" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார்.

16 பிப்ரவரி 2024

எவரெஸ்ட் உச்சியில் ஹிலாரியும் டென்சிங்கும் டிரான்சிஸ்டரில் முதலில் கேட்டது இலங்கை வானொலி என்று மறுபடியும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் ஏறியது 1953 மே மாதம். டிரான்சிஸ்டர் ரேடியோ முதன்முதலாக விற்பனைக்கு வந்ததே 1954இன் கடைசியில், அமெரிக்காவில். நிலையத்தின் மேல் அன்பு இருப்பவர்கள் இந்தக் கதையை விட்டுவிடலாம். உண்மைப் பெருமைகளே அதற்கு நிறைய இருக்கின்றன.

அவற்றில் ஒன்று வயது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது, பி.பி.சி. பிறந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. தொடங்கியவர் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர். அதற்கு முந்தைய சோதனை ஒலிபரப்புகளுக்கு, பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்களைப் பயன்படுத்தினார்கள். தந்தி அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசைத்தட்டு போட்டார்கள். முதல் மூச்சே இசைத்தட்டில்தான். 2025 டிசம்பரோடு நூறு ஆண்டு.

18 பிப்ரவரி 2024

முதல் நாள் எழுதியது மறுப்பு மட்டும்தான். அப்படியானால் எதற்காகக் கேட்டோம் என்று அந்த நேயர் திருப்பிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பாட்டு எல்லோரிடமும் இருந்தது. அந்தப் பாட்டை எதற்குள் வைத்துக் கொடுப்பது என்பதைக் கொழும்புக்காரர்கள் யோசித்தார்கள். என் கட்சி அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு நகர மனமில்லை. நிகழ்ச்சிகளை எடுத்துப் பார்க்கலாம்.

'இசையும் கதையும்'. நேயர் ஒருவர் எழுதி அனுப்பிய சிறுகதை. அதை அறிவிப்பாளர் வாசிப்பார். கதை திரும்பும் இடங்களில் சினிமாப் பாட்டு வரும். கேட்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். கதாநாயகன் மலைச்சரிவில் ஆடிப் பாடிய பாட்டு, இங்கே கடிதம் வராத ஒரு தட்டச்சுப் பெண்ணின் பாட்டாக மாறிவிடுகிறது. படத்தில் பத்துத் தடவை பார்த்த பாட்டின் முகமே மாறிப்போகும். ராஜேஸ்வரி சண்முகம் வாசித்தால் இன்னும் ஒருபடி மேல். அவர் வானொலி நாடகத்தில் நடித்துப் பழகியவர். கதையின் கடைசி வாக்கியத்துக்கும் பாட்டின் முதல் இசைக்கும் இடையில் எவ்வளவு மௌனம் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் கொடியில் துணி உலர்த்துகிறவர்கள் கையில் துணியோடு அப்படியே நிற்பார்கள்.

'பாட்டுக்குப் பாட்டு'. அறிவிப்பாளர் ஒரு எழுத்தைச் சொல்வார். போட்டியாளர் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பிழையில்லாமல் பாட வேண்டும். இசைத்தட்டு இல்லாமல், பெரிய பாடகர் இல்லாமல், ஒரு ஆசிரியரோ கடைக்காரரோ பாடுவதை ஊரே கேட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பரபரப்பு. போட்டியாளர் திணறும்போது இங்கே மூன்று பேர் விடையைக் கத்திக்கொண்டிருப்பார்கள். அப்துல் ஹமீத் பின்னால் இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். நன்றாகவே ஓடியது. என்றாலும் முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்த காலத்தில்தான் அதற்கு உயிர் அதிகம் என்பேன்.

'பிறந்தநாள் வாழ்த்து'. ஒரு குழந்தையின் பெயர், பிறகு வாழ்த்துகிறவர்கள் வரிசை: அப்பா, அம்மா, அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா, மாமா, மச்சான்மார், பக்கத்து வீட்டு அக்கா. ஊர் பெயரும் கூடவே வரும். சுன்னாகம், பருத்தித்துறை, வந்தாறுமூலை, ஹட்டன், பதுளை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்கிறது, அங்கே நம் மொழியில் குழந்தைகளைக் கொஞ்சுகிறார்கள் என்பதைப் பள்ளிக்கூடப் புவியியல் பாடம் எனக்குச் சொல்லவில்லை. இந்தப் பட்டியல் சொன்னது. மரண அறிவித்தல்களும் அப்படியே: இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை. முன்பின் தெரியாத ஒரு முதியவருக்காக என் ஆச்சி உச்சுக்கொட்டுவாள்.

கே.எஸ். ராஜாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 'திரை விருந்து' என்பது உண்மையில் படத்துக்கான விளம்பரம். அதை அவர் நிகழ்ச்சியாக்கினார். படத்தின் வசனத் துண்டுகளைத் தன் பேச்சுக்கு நடுவே கோத்து, நம்ப முடியாத வேகத்தில், ஒரு எழுத்துகூடச் சிதையாமல் பேசுவார். வேகமாகப் பேசுகிறவர்கள் இன்று எத்தனையோ பேர். அவர்கள் பேச்சில் ளகரமும் ழகரமும் அடிபட்டுக் கிடக்கின்றன. ராஜாவிடம் அது நடக்கவே நடக்காது.

காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்' இரண்டையும் விட்டுவிட்டேனே என்று கேட்க வேண்டாம். அவை நேரத்துக்கு ஏற்ற பாட்டு என்ற ஏற்பாடு. எல்லா நிலையங்களும் அதைச் செய்யும். தேர்வு நன்றாக இருந்தது, அவ்வளவே.

19 பிப்ரவரி 2024

திருச்சி அன்பர் கோபித்துக்கொண்டார். திருச்சி வானொலியில் 'தேன் கிண்ணம்' கேட்டதில்லையா, ஞாயிற்றுக்கிழமை 'ஒலிச்சித்திரம்' கேட்டதில்லையா என்கிறார். கேட்டேன் ஐயா, விரும்பிக் கேட்டேன். கொழும்பைப் புகழ்ந்தால் திருச்சியை இறக்குவதாக ஆகாது. ஆனால் அரசு நிலையத்தில் அறிவிப்பாளர் அளந்து பேசினார், கொழும்பில் பழகியவர் பேசுவதுபோல் பேசினார். இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

21 பிப்ரவரி 2024

இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி நேற்று மும்பையில் காலமானார். வயது 91. தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சில் அவர் எதற்கு என்று கேட்கலாம். 1952இல் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' அவருடையது. இந்தியில் அந்த நிகழ்ச்சி கண்ட வெற்றிதான் கொழும்பு வர்த்தக சேவைக்குப் பணப் பெட்டியைத் திறந்துவிட்டது.

அந்தப் பணத்தைப் பற்றி இதுவரை நான் பேசாதது இந்த விவாதத்தில் ஒரு குறை. வர்த்தக சேவை 1950 செப்டம்பர் 30இல் பிறந்தது. அதை நடத்திக்காட்டியவர் கிளிஃபர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர். போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக 'ரேடியோ சீக்' நடத்திய ஒலிபரப்பிகள் போர் முடிந்தபின் இலங்கைக்குக் கிடைத்திருந்தன. ஒரு சின்னத் தீவுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு சக்தி. பக்கத்திலேயே ஒரு பெரிய நாடு. அங்கே வானொலியில் விளம்பரத்துக்கு இடமே இல்லை. விவித பாரதி விளம்பரம் வாங்கத் தொடங்கியது 1967இல்தான். பற்பசையும் சோப்பும் விற்கிற இந்தியக் கம்பெனிகள் கொழும்புக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? கீத்மாலாவை மும்பையில் பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள்.

ஆகவே முதல் நாள் கேள்வி கேட்ட நேயருக்குப் பாதி வழி விட்டுக்கொடுக்கிறேன். வீட்டுக்குள் கொழும்பு நுழைந்தது டெல்லியின் பிடிவாதத்தால். கதவு திறந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தது தன் திறமையால்.

25 பிப்ரவரி 2024

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதிய நீண்ட கடிதம் என்னை நன்றாக யோசிக்க வைத்துவிட்டது. சாரம் இதுதான்: "நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒட்டுக்கேட்டவர்கள். அது எங்கள் ஊர் நிலையம். எங்கள் ஊர் நிலையத்தில் உங்கள் ஊர்ச் சினிமாப் பாட்டே நாள் முழுக்க ஓடினால், எங்கள் பாடகர்கள் எங்கே போய்ப் பாடுவது?"

இந்தக் கேள்வி எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. எங்களுக்கு எது கொண்டாட்டமோ அதுவே அங்கே ஒரு கலைஞனுக்குக் கிடைக்காத கால் மணி நேரம். ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள்தான். ஆனால் நேயர் விருப்பக் கடிதங்களில் சென்னைப் பாட்டுக்கு எதிராக உள்ளூர்ப் பாட்டு எப்படிப் போட்டியிடும்? கடிதம் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அந்தச் சின்ன இடைவெளியிலும் ஒரு துள்ளல் வந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று பொப் பாடகர்கள் கிளம்பினார்கள். கித்தார், டோலக், இலங்கையின் பைலா ஆட்டத் தாளம். சினிமாவின் கதைச் சூழ்நிலை எதுவும் தேவைப்படாத பாட்டுகள். கடற்கரை, கள்ளுக்கடை, மாமி வீடு என்று தெருவிலிருந்து எடுத்த விஷயங்கள். 'சின்ன மாமியே'யும் 'சுராங்கனி'யும் நீந்தி வந்து எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் ஏறிக்கொண்டன. சினிமாவுக்கு வெளியே தமிழில் மக்கள் விரும்பும் பாட்டு இருக்க முடியும் என்று 1970களிலேயே காட்டியது அந்தத் தீவுதான். தமிழ்நாடு அதைக் கண்டுகொள்ள மிகவும் தாமதித்தது.

ஆகவே, பாட்டை வைத்துக் கொடுத்த விதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நான் பேசியது போதாது. எந்தப் பாட்டு, யாருடைய பாட்டு என்பதும் நிலையத்தின் பொறுப்புதான். அந்த அன்பருக்கு என் வணக்கம்.

3 மார்ச் 2024

மறுபடியும் யாழ்ப்பாணம். 1990களில் பொருளாதாரத் தடையின்போது மின்சாரமும் பேட்டரியும் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ரேடியோ கேட்டார்கள். இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பழுது பார்க்கிறவனாக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. டைனமோ தருவது மாறுதிசை மின்சாரம். ரேடியோவுக்கு நேர்திசை மின்சாரம் வேண்டும். நடுவில் டையோடும் மின்தேக்கியும் போடாவிட்டால் பாட்டுக்குப் பதிலாக உறுமல்தான் வரும். அன்பர் பதில் போட்டார்: "பழைய செட்டுகளிலிருந்து கழற்றிப் போட்டோம். சுற்றுகிற ஆள் களைத்தால் குரலும் களைக்கும். செய்தி நேரத்துக்குத்தான் சுற்றுவோம். கடைசியில் ஒரு பாட்டுக்கும் சுற்றச் சொல்லித் தங்கைச்சி அடம்பிடிப்பாள்."

எங்கள் கடையில் எத்தனையோ பெட்டிகளைச் சரிசெய்திருக்கிறோம். இப்படி ஒரு பழுது பார்ப்பு நாங்கள் செய்ததில்லை.

5 மார்ச் 2024

கடிகாரம் பற்றிக் கேட்டவருக்கு: கொழும்பு செய்தியை வைத்து மணி திருத்திக்கொண்டது உண்மைதான். இரண்டு நாடுகளுக்கும் ஒரே நேரம். ஆனால் 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் பழைய வழக்கப்படி மணி திருத்தியவர்கள் பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாகவே போய் நின்றிருப்பார்கள்.

10 மார்ச் 2024

'எப்போது கேட்பதை நிறுத்தினீர்கள்?' என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு தேதி இல்லை. இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு அந்தக் குரல்களைப் பழைய மனத்தோடு கேட்க முடியவில்லை. பிறந்தநாள் வாழ்த்தில் ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் அந்த வீடு இருக்கிறதா என்று ஆச்சி கேட்பாள். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. விரும்பிய பாட்டைக் கடையில் பதிவு செய்து வாங்க முடிந்தது. தொலைக்காட்சி வந்தது. 1990களில் கொடைக்கானல் பண்பலை வந்ததும், இரைச்சலே இல்லாத ஒலியைக் கேட்ட வாடிக்கையாளர்கள் சிற்றலை இருக்கிற பெட்டியே வேண்டாம் என்றார்கள். அப்பா மட்டும் எந்தப் பெட்டியானாலும் பேண்ட் சுவிட்ச் நான்கு இடத்திலும் வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்.

16 மார்ச் 2024

புதுக்கோட்டை அன்பரின் வீட்டுப் பரணில் 'இசையும் கதையும்' பதிவு செய்த ஒலிநாடாக்கள் கிடைத்திருக்கின்றன. உடனே போட்டுப் பார்க்கத் துடிக்கிறார். போட வேண்டாம். முதலில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒலிநாடாவை ஒருமுறை முழுக்கக் கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, இறுக்கம் போன பிறகு ஓட விடுங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் ஓட்டம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் எதையும் தேய்க்காதீர்கள். அறிவிப்பாளர் மூச்சு எடுக்கும் இடங்களும் அதோடு போய்விடும். பாட்டுகளை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் வைக்கவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால்தான் நிகழ்ச்சி.

நாடா அறுந்தால் பயப்படாமல் எனக்கு அனுப்புங்கள். ஒட்டுவதற்கான பட்டை இன்னும் கடையில் இருக்கிறது.